மொச்சை நல்லா கீது என்றேன்

குமுட்டி அடுப்பில் கத்தரிக்காய் சுட்டவர்கள் இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறீர்களா? இருந்தால் உங்களோடுதான் பேசுகிறேன். கேஸ் அடுப்பின் நீலத் தீயில் காயைக் காட்டி, மேல்தோல் கருகியதும் "ஆச்சு" என்று இறக்குகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. போன மாதம் என் மருமகள் அப்படித்தான் செய்தாள். செல்போனில் எவளோ செய்து காட்டியதைப் பார்த்து, ஏதோ ஒரு வெள்ளைப் பீன்ஸை வேகவைத்து, குடைமிளகாயும் கத்தரிக்காயும் சுட்டு, எல்லாவற்றையும் மிக்சியில் ஓட்டி, கிண்ணத்தில் வழித்து வைத்து, "பிரெட்டைத் தொட்டுச் சாப்பிடுங்க அத்தை, புதுசா வந்திருக்கு" என்றாள்.

புதுசாம்! ஒரு துண்டு பிரெட்டில் தொட்டு வாயில் வைத்தேன், பிறகு பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தேன். அவள் மேல் குறையில்லை, நன்றாகத்தான் செய்திருந்தாள். அதை ஏன் என்னால் விழுங்க முடியவில்லை என்று அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. என் வயதுக்காரர்களான உங்களிடம் சொல்லலாம். நீங்களும் சின்ன வயதில் ஏதாவது ஒரு பாவத்தைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், கூட்ஸ் வண்டி போகிற தண்டவாளத்தை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்று. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். முன்னால் ஓர் அறை, பின்னால் தகரக் கூரை போட்ட சமையல்கட்டு, அவ்வளவுதான். காயப்போட்ட வெள்ளைத் துணியை எடுக்கப் போனால் அதில் துறைமுகத்துக் கரித்தூள் படிந்திருக்கும். தெற்கிலிருந்து காற்று அடித்தால் காசிமேட்டு மீன் நாற்றம். வடக்கிலிருந்து அடித்தால் கம்பெனிப் புகை. காற்றே அடிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது, கக்கூஸ். எங்கள் பக்கத்தில் மூக்கோடு பிறந்தவர்கள் எல்லோரும் போன ஜென்மத்தில் ஏதோ தப்பு செய்தவர்கள் என்று நைனா சொல்லுவார்.

நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை. அம்மா வீட்டோடு. நைனாவின் தங்கைதான் என் அத்தை. எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த வருஷம் அவளுக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இப்போது இருபத்தொன்பது என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்போது குழாயடியில் குடம் வைக்கப் போனாலே, "இன்னாமே, ஒன் நாத்தனார் இன்னும் கரையேறலயா?" என்று அம்மாவைக் கேட்பார்கள். அம்மா அந்தக் கோபத்தைக் குடத்தோடு தூக்கி வந்து வீட்டில் இறக்குவாள்.

அத்தை ஒரு பட்டறையில் வேலை செய்தாள். சைக்கிள் ஹேண்டில் பாருக்கு நிக்கல் பூச்சுப் போடுகிற இடம். பூச்சுப் போடுவதற்கு முன்னால் இரும்பைத் திராவகத் தொட்டியில் முக்கிக் கழுவ வேண்டும். அந்த வேலைக்குப் பெண்களைத்தான் வைத்திருந்தார்கள். நான்கு வருஷமாகக் கழுவிக் கழுவி அவள் விரல் நகமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. சாயங்காலம் அவள் வந்ததும் அவள் புடவையில் ஒரு காரநெடி வரும். எனக்கு அது பிடிக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? அவள் பக்கத்தில்தான் நான் படுப்பேன். அவள் முந்தானையை என் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அம்மா அடிக்கிற கை, அத்தை அணைக்கிற கை என்றுதான் அந்த வயதில் நான் உலகத்தைப் பிரித்து வைத்திருந்தேன்.

அத்தையின் மூக்கு செத்துப்போனதைக் கண்டுபிடித்தது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் சோறு அடிபிடித்துக் கரிந்துகொண்டிருந்தது. நான் வாசலிலிருந்து நெடியைப் பிடித்து உள்ளே ஓடினேன். அத்தை அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு நிதானமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, சோறு தீயுது!"

அவள் திடுக்கிட்டுப் பானையை இறக்கினாள். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திருடும்போது பிடிபட்டவள் பார்வை அது. என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனாள்.

"கண்ணு, யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு எந்த வாசனையும் தெர்ல. ஆடி மாசத்துலேர்ந்தே தெர்ல. தொட்டிப் புகை அடிச்சி அடிச்சி மூக்கு செத்துப்போச்சி."

"ஒண்ணுமே தெரியாதா? மல்லிப்பூ?"

"மல்லிப்பூவும் ஒண்ணுதான், மாட்டுச் சாணியும் ஒண்ணுதான். நாக்குல உப்பு, புளி, காரம் மட்டும் தெரியும். மத்ததெல்லாம் மண்ணு."

"நைனாகிட்ட சொல்லட்டா?"

"ஐயே, வேணாம்டி! சொன்னா ஊரெல்லாம் பரவிடும். மோப்பம் இல்லாத பொண்ண எவன் கட்டிக்குவான்? ஊசிப்போனது எது, நல்லது எதுன்னு தெரியாதவ எப்டி குடும்பம் பண்ணுவான்னு கேப்பாங்க. என் கைல அடிச்சி சத்தியம் பண்ணு."

அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை மட்டும் நான் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

அன்றிலிருந்து நான்தான் அவள் மூக்கு. "மூக்கம்மா" என்றே கூப்பிட ஆரம்பித்தாள். பால் திரிந்ததா, கருவாடு நல்ல கருவாடா, நைனாவின் சட்டையைத் துவைக்க வேண்டுமா, எல்லாவற்றையும் என்னிடம் நீட்டி, புருவத்தை உயர்த்துவாள். நான் தலையை ஆட்டினால் சரி, மூக்கைச் சுளித்தால் சரியில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவின் கண் முன்னாலேயே நடக்கும், அவளுக்கு அது விளையாட்டு.

இப்போது கடையலுக்கு வருகிறேன். மீன் வாங்காத நாட்களில் எங்கள் வீட்டில் மொச்சைக் கடையல்தான். அதை அத்தை மாதிரி செய்ய லைனில் வேறு ஆளில்லை. காய்ந்த மொச்சையை முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் தோலைப் பிதுக்கி, பருப்பை மட்டும் குழைய வேகவைத்துத் தண்ணீரோடு வைத்திருப்பாள். குமுட்டி அடுப்பில் கரியை ஊதிக் கனியவிட்டு, குண்டுக் கத்தரிக்காயில் எண்ணெய் தடவி வைப்பாள். தக்காளியையும் பச்சை மிளகாயையும் பட்டறையில் கழித்துப் போட்ட சைக்கிள் கம்பியில் செருகித் திருப்புவாள். வெங்காயமும் பூண்டும் தோலோடு சாம்பலுக்குள் போய்விடும். இதில் கத்தரிக்காய்க்குத்தான் மூக்கு வேண்டும். முதலில் பச்சை வாடை வரும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. பிறகு திடீரென்று வேர்க்கடலை வறுக்கிற மாதிரி ஒரு வாசனை எழும். அந்த நேரம் பார்த்து நான் "இப்போ" என்பேன், அவள் இடுக்கியால் தூக்குவாள். இன்னும் கொஞ்சம் விட்டால் வெறும் கரிநாற்றம்தான்.

சுட்டதையெல்லாம் தோலுரித்து, மண்சட்டியில் மொச்சையோடு போட்டு, உப்பும் நல்லெண்ணெயும் விட்டு, மத்தால் கடைவாள். தெருமுனை பாய் கடையில் சுடச்சுட பன் வாங்கி வந்து, பிய்த்துத் தொட்டுச் சாப்பிடுவோம். எங்கள் வீட்டுக் கடையலுக்கு லைனில் நல்ல பேர். அந்தப் பேரில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று நான் மனசுக்குள் கர்வப்பட்டுக்கொள்வேன்.

பங்குனி மாதம் பூக்காரம்மா ஒரு வரன் கொண்டுவந்தாள். மாப்பிள்ளைக்கு மீஞ்சூர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், பெண்டாட்டி செத்து இரண்டு வருஷம், எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டாம் தாரமாகப் போகிறோமே என்று அத்தை அழுவாள் என எதிர்பார்த்தேன். அவளோ இரண்டு நாள் ராகம் இழுத்துக்கொண்டே வேலை செய்தாள். அம்மா நைனாவிடம், "இத்த வுட்டா இனிமே எவனும் வரமாட்டான், இதான் கடசி" என்றாள். அத்தை காதில் விழும்படிதான் சொன்னாள். அவளுக்கும் அது தெரியும்.

முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது அவர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது வழக்கம், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். சம்மதம் முடிவாகும் வரை சோற்றைத் தொட மாட்டார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தை மட்டும் எழுந்து போய் அத்தையின் மடியில் சாய்ந்துகொண்டது. அத்தை அதன் அவிழ்ந்த பின்னலைப் பிரித்து, எல்லோர் முன்னாலும் நிதானமாகப் பின்னிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பார்த்தேன். என் தலை அன்று வாரவே இல்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

சித்திரை முதல் ஞாயிறு கை நனைக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கூடவே மாப்பிள்ளையின் அம்மா ஒரு ஆசையும் சொல்லியனுப்பினார். அவருக்குப் பல் கிடையாது. "அந்தப் பொண்ணு கடையல் நல்லா பண்ணுமாமே, அது கையாலயே பண்ணச் சொல்லுங்க, பன்னுல தொட்டுத் துன்னுவேன்" என்றாராம். பூக்காரம்மா அவ்வளவு தூரம் புகழ்ந்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மொச்சை பொறுக்கும்போது அத்தையைக் கேட்டேன்.

"அத்தே, நானும் மீஞ்சூருக்கு வரட்டா?"

"நீ எப்டிடி வருவ? ஒனக்கு இஸ்கோல் கீது, ஒங்கம்மா கீது."

"அப்ப அங்க ஒனக்கு யாரு மோந்து பாத்து சொல்வாங்க?"

அத்தை சிரித்தாள். கையிலிருந்த மொச்சையை முறத்தில் போட்டுக்கொண்டே, "அங்க ஒரு குட்டி கீதே, அதயே பழக்கிக்க வேண்டிதான். அதுக்கு மூக்கு நீளமாத்தான் கீது" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னது. இன்றைக்கு அது எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை, ராத்திரி அவள் முந்தானையை இழுத்துக்கொள்ளாமல் திரும்பிப் படுத்தேன். அவள் கவனிக்கவில்லை. மறுநாளைப் பற்றிய நினைப்பிலேயே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கே மொச்சை வெந்துவிட்டது. பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஆளைக் காணோம். கடைசியில் ஒரு பையன் சைக்கிளில் வந்து, கப்பல் ஒன்று முன்னாலேயே வந்துவிட்டதால் மாப்பிள்ளை டியூட்டிக்குப் போயிருக்கிறார், மூன்று மணிக்குத்தான் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். சித்திரை வெயில் தகரக் கூரைமேல் நின்று எரித்தது. உள்ளே சமையல்கட்டில் கால் வைக்க முடியவில்லை. மொச்சை மூடிபோட்ட அலுமினியக் குண்டானில், அதே மூலையில், ஒன்பது மணி நேரமாக உட்கார்ந்திருந்தது. சாம்பாரையும் பொரியலையும் அம்மா நடுவில் சூடு காட்டினாள். மொச்சை அத்தையின் பொறுப்பு என்று அதன் பக்கம் போகவில்லை.

இரண்டு மணிக்கு அத்தை என்னைக் கூப்பிட்டாள். புதுப் புடவை கட்டியிருந்தாள், கழுத்தெல்லாம் வேர்வை. முகத்தில் அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கை நனைக்கிற சாப்பாட்டில் சமைப்பவள் ருசி பார்க்கக் கூடாது, எச்சில் பட்டுவிடும் என்று அம்மா காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டிருந்தாள். ஆகையால் நாக்கும் உதவாது.

"மூக்கம்மா, வா. நல்லா மோந்து பாரு. எதுனா ஒரு மாறியா இருந்தா சொல்லிடு கண்ணு. நேரம் கீது. கொட்டிட்டு பட்டாணி வாங்கியாந்து அவிச்சிடலாம்."

மூடியைத் திறந்தாள். நான் குனிந்தேன். ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. ஈரச் சாக்கு நாறுகிற மாதிரி ஒரு புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. இரண்டாவது தடவை முகர வேண்டிய தேவையே இல்லை, அவ்வளவு தெளிவாக ஊசிப்போயிருந்தது.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். எனக்குத் தெரியும். அவர்கள் இதைச் சாப்பிட மாட்டார்கள், சாப்பிடாவிட்டால் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லாவிட்டால் அத்தை எங்கேயும் போகமாட்டாள். குனிந்த தலை நிமிர்வதற்குள் இத்தனையும் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.

"நல்லா கீது அத்தே."

"நெசமாவா? நுரை மாறி கீதே?"

"தண்ணிதான். வாசன நல்லா கீது."

அவள் என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தாள். "ஒரு நிமிசத்துல கொலயே நடுங்கிப்போச்சிடி" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் தெருவுக்கு ஓடிவிட்டேன். கத்தரிக்காய்க்குக்கூட நான் "இப்போ" சொல்லவில்லை.

மூன்றரைக்கு வந்தார்கள். பாய் போட்டு இலை விரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நடுவில் உட்கார்ந்து, மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முதலில் கடையலைத்தான் கேட்டார். அத்தை குனிந்து பரிமாறினாள். அந்த அம்மா பன்னைப் பிய்த்து, நிறையத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தார்.

மறுகணம் அதை உள்ளங்கையில் துப்பினார்.

"இன்னாம்மா இது? ஊசிப்போனத எடுத்தாந்து இலைல வெச்சிகிறீங்க? எங்கள இன்னா பிச்சக்காரங்கன்னு நெனச்சிகினீங்களா?"

அம்மா ஓடிவந்து சட்டியை முகர்ந்து பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நைனா, "தெரியாம நடந்துபோச்சிம்மா, வெயில் பாருங்க, மத்தது எல்லாம் நல்லா கீது" என்று கையைக் கூப்பினார். நைனா யாரிடமும் கை கூப்பி நான் பார்த்ததில்லை. அந்த அம்மா சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவி இலையிலேயே ஊற்றினார். "மொத கவளமே இப்டின்னா அப்பால இன்னா கீது? தாயில்லாப் புள்ளய இவகிட்ட எப்டி வுடுவேன்?" என்றார். மாப்பிள்ளை ஒருதரம் அத்தையை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவருடைய அம்மா எழுந்துவிடவே அவரும் எழுந்துவிட்டார். அந்தக் குழந்தை மட்டும் வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அத்தை கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு அவள் கண் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபத்தைவிட மோசமான ஏதோ இருந்தது, அது என்னவென்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது, சொல்லப் போகிறாள், நைனா என்னைக் கொன்றுவிடுவார் என்று நினைத்தேன்.

அவள் சொல்லவில்லை. "மோந்து பாக்கலயாடி நீ? மூஞ்சில மூக்குன்னு ஒண்ணு கீதா இல்லயா?" என்று அம்மா அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்கியபோதும், "என் தப்புதான் அண்ணி" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அண்டை அயலுக்கு அது போதவில்லை. ஊசிப்போனது மூக்குள்ள எவளுக்கும் தெரியுமே, அப்புறம் ஏன் பரிமாறினாள்? பட்டறை மேஸ்திரியோடு அவளுக்குப் பழக்கம், அதனால்தான் வந்த சம்பந்தத்தை வேண்டுமென்றே கெடுத்துவிட்டாள் என்று ஒரு வாரத்துக்குள் குழாயடியில் கதை கட்டி முடித்துவிட்டார்கள். அம்மா அதை நம்பினாள். நைனாவும் நம்பினார். அதற்கப்புறம் அவர் அத்தையோடு நேராகப் பேசவே இல்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, "சோறு துண்ணச் சொல்லு அவள" என்று என்னைத் தூது விடுவார்.

என் தண்டனை அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே தொடங்கியிருந்தது. விளக்கு வைத்ததும் வழக்கம்போல என் பாயை அவள் பாய்க்குப் பக்கத்தில் விரித்தேன்.

"அம்மா பக்கத்துல போய்ப் படு" என்றாள்.

"அத்தே..."

"சொன்னா கேளுடி. என் கிட்ட வராத. என் துணியத் தொடாத."

மறுநாள் அவள் புடவைகளையெல்லாம் தனியாகத் தண்டவாளத்துப் பக்கம் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தாள். பட்டறை வேலையை விட்டாள். ஆனியில் காசிமேட்டில் இறால் உரிக்கிற கொட்டகையில் சேர்ந்து, அங்கேயே ஒரு குடிசையில் வாடகைக்குப் போய்விட்டாள். நாற்றம் தெரியாதவளுக்குத் தோதான வேலை. பண்டிகைக்கு வருவாள், வாசலிலேயே நிற்பாள், எனக்கு ரிப்பனோ வளையலோ கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளியே நிற்பாள். கிட்டே போனால் பின்னால் நகர்ந்துகொள்வாள். நான் பொய் சொன்னது தெரிந்துதான் செய்கிறாள், என்னை அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நான் செய்ததற்கு அது நியாயம்தான் என்றும் நினைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். வாய் வராது. பிறகு எனக்குக் கல்யாணம், குழந்தை, அவரவர் பாடு.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு வரன் வந்ததாம், அத்தை வேண்டாம் என்றுவிட்டாளாம். மேஸ்திரி கதைக்கு அது ருசு ஆகிவிட்டது. அம்மா சாகும்போதுகூட, "அவ வேணும்னேதான் பண்ணா, என் வூட்டு மானத்த வாங்கிட்டா" என்று சொல்லிவிட்டுத்தான் செத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இப்படிப்பட்டவள் நான்.

போன வருஷம் மழைக்காலத்தில் அத்தை விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பார்க்க ஆளில்லை என்று கொட்டகையிலிருந்து போன் வந்தது. என் பையனுக்குக் காட்டுப்பள்ளியில் வேலை, எண்ணூரில்தான் எங்கள் வீடு. ஆட்டோ வைத்துக் கூட்டிவந்து ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்க வைத்தேன். என் கையால் கஞ்சி ஊட்டினேன். அப்போதும் நான் குனிந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் மூச்சு விடுவாள்.

வந்த ஒன்பதாம் நாள் காலை. கம்பெனிப் பக்கமிருந்து காற்று திரும்பியது. "ஐயே, இன்னைக்கு நாத்தம் தாங்கல" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினேன்.

அத்தை கட்டிலில் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இன்னா சொன்ன?"

"கம்பெனி நாத்தம் அத்தே. ஒனக்குத் தெரியாது."

"ஒனக்குத் தெரியுதா? ஒனக்கு மூக்கு தெரியுதாடி? எப்போலேர்ந்து?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளாக என்னைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்று!

"அன்னிக்கி அந்தக் கெழவி துப்பினா, ஒங்கம்மா மூக்கப் பொத்தினா. எல்லாருக்கும் நாறுது, ஒனக்கு மட்டும் நாறல. அப்பதான் எனக்குப் புரிஞ்சிது. தெனமும் தொட்டிப் பொகையோட வந்து ஒன்ன கட்டிகினு படுத்தேனே, என் துணி ஒன் மூக்கயும் கொன்னுடுச்சின்னு. பொம்பளப் புள்ள, நாளைக்கி இதுக்கும் எவன் வருவான்னு நெனச்சி நெனச்சி செத்தேன். பெரியபாளையத்து ஆத்தாளுக்கு நேந்துகினு வெள்ளில மூக்கு செஞ்சி உண்டியல்ல போட்டேன். ரெண்டு தபா போட்டேன். வந்த இன்னொருத்தனையும் வேணாம்னுட்டேன். ஒன் வாழ்க்கைய கெடுத்துட்டு நான் மட்டும் எப்டிடி போவேன்?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "தெரியுதா? ஆத்தா கண்ணத் தொறந்துட்டாளா? எப்போ தொறந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"போன வருஷம்" என்றோ "பத்து வருஷத்துக்கு முன்னால்" என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாள். அன்றைக்குச் சொன்ன பொய்யை விட அது நல்ல பொய்யாக இருந்திருக்கும். ஆனால் இன்னொரு பொய்க்கு என் வாய் வரவில்லை.

"அத்தே, என் மூக்கு எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சி. அன்னிக்கும் நாறுச்சி. நீ போயிடுவன்னுதான் நல்லா கீதுன்னு பொய் சொன்னேன்."

அவள் சிரிப்பு நின்றது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்து போர்வைமேல் விழுந்தது. மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பாள், மீஞ்சூர் குழந்தையைப் பற்றிக் கேட்பாள், என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்கெல்லாம் நான் தயாராக இருந்தேன். அவள் அதில் ஒன்றையும் கேட்கவில்லை.

"மூக்கு நல்லாத்தான் இருந்துச்சின்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா," என்றாள், "அம்பது வருசமா ஒன்ன பக்கத்துல படுக்க வெச்சிகினு இருந்திருப்பேனேடி பாவி."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.